பெப்சி பாசி என்று யாரும் தேட மாட்டார்கள்

அக்காவுக்கு வணக்கம்.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். எம்.எஸ்சி. கடல் உயிரியல் முடித்துவிட்டு, மண்டபம் பக்கம் கடற்பாசித் திட்டங்களில் மூன்று வருடம் ஒப்பந்த வேலை பார்த்தேன். முதலில் திட்ட உதவியாளர், பிறகு கள ஒருங்கிணைப்பாளர். நான்கு ஊர்களில் பாசி கட்டிய 180 மிதவைகளை வாராவாரம் பார்த்து எடையும் உப்புத்தன்மையும் குறித்தேன். 65 பெண்களுக்கு விதைப்பாசி கட்டப் பழக்கினேன். மார்ச்சில் திட்டம் முடிந்துவிட்டது. லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே 'வேலை தேடுகிறேன்' என்று போட்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் ஒருவர் ஓமானில் மீன் பண்ணை வேலை என்று செய்தி அனுப்பி, பதிவுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். புரொஃபைலில் எதை மாற்றுவது? அவரை நம்பலாமா?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த 45,000. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்டுக்கு இந்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 18 சதவீதம் சேர்த்தாலும் 35,400. உங்கள் ஆள் வேலை ஒப்பந்தத்தைக் கண்ணில் காட்டும் முன்பே அதைத் தாண்டிவிட்டார். உரிம எண் கேளுங்கள், பட்டியலில் தேடுங்கள். அதுவரை பணமும் வேண்டாம், பாஸ்போர்ட் நகலும் வேண்டாம்.

இனி புரொஃபைல். நிறுவனத்தில் ஆள் எடுப்பவர் உங்களைத் தற்செயலாகப் பார்ப்பதில்லை. ஒரு பெட்டியில் சொற்களைத் தட்டித் தேடுகிறார். 'வேலை தேடுகிறேன்' என்பதை எந்த நிறுவனமும் தேடாது. நீங்கள் வளர்த்த பாசியின் ஊர்ப்பெயரான 'பெப்சி பாசி'யையும் தேடாது. நம் கரையில் அந்தப் பெயர் சொன்னால் கைக்குழந்தைக்கும் தெரியும், ஆனால் குஜராத்திலோ இந்தோனேசியாவிலோ உட்கார்ந்திருப்பவர் 'காப்பாஃபைகஸ் அல்வரேசி' என்றுதான் தட்டுவார். அந்த அறிவியல் பெயர் உங்கள் பக்கத்தில் ஹெட்லைன் (பெயருக்குக் கீழே வரும் வரி), அபவுட் (உங்களைப் பற்றிய பகுதி), அனுபவம் என்று குறைந்தது மூன்று இடத்தில் ஆங்கிலத்தில், எழுத்துப்பிழை இல்லாமல் இருக்க வேண்டும்.

எல்லாரும் ஹெட்லைனில்தான் கை வைக்கிறார்கள். நீங்கள் அனுபவப் பகுதியில் ஆரம்பியுங்கள். அது ஒழுங்காக அமைந்தால் ஹெட்லைன் தானாக வந்துவிடும். அதற்கும் முன்னால், மாற்றங்களை நண்பர்களுக்கு அறிவிக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் திருத்துகிற ஒவ்வொரு முறையும் 'புது வேலைக்கு வாழ்த்துகள்' என்று வந்து குவியும்.

நிறுவனப் பெயரை முழுதாகத் தட்டி முடிக்காதீர்கள். தட்டும்போதே கீழே விழும் பட்டியலிலிருந்து சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கப் பெயரை நீங்களாக அடித்தால் சின்னம் வராது, சாம்பல் கட்டம்தான் நிற்கும். அந்த நிறுவனத்தில் இருந்தவர்களைத் தேடும்போதும் நீங்கள் விடுபடுவீர்கள். இரண்டு பதவிகளையும் தனித்தனியாகச் சேருங்கள். ஒரே நிறுவனப் பக்கம் என்றால் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும், உயர்ந்து வந்தது பார்த்தவுடன் தெரியும். ஒப்பந்தம் என்பதை மறைக்க வேண்டாம். வேலை வகையில் அதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. திட்டம் முடிந்ததால் வேலை முடிந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

விவரம் எழுத 2,000 எழுத்து வரை இடம் உண்டு. அங்கே 'கடற்பாசி வளர்ப்பில் உதவினேன்' என்றுதான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தில் எனக்கு எழுதியதை அங்கே எழுதுங்கள்: நான்கு ஊர், 180 மிதவை, 65 பேருக்குப் பயிற்சி. அதோடு மிதவையின் அளவு (3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் என்றால் அப்படியே), கட்டிய விதையின் எடை, 45 நாள் கழித்து எடுத்த எடை, உப்புத்தன்மையை எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்பது. தோற்றதையும் ஒரு வரி சேருங்கள். வெயில் ஏறித் தண்ணீர் சுட்டபோது கிளை வெளுத்து ஒடிந்ததா? அந்த 'ஐஸ் ஐஸ்' நோயை எத்தனையாவது நாளில் கண்டீர்கள், மிதவையை எங்கே நகர்த்தினீர்கள்? ஓரா மீன் கொறித்ததற்குக் கீழே வலை கட்டினீர்களா? வடகிழக்குப் பருவக்காற்றில் மிதவைகள் என்ன ஆயின? கடலில் இறங்காதவரால் இதை எழுத முடியாது. பாசித் தொழில் தெரிந்தவர் நேர்காணலுக்குக் கூப்பிடுவது இந்த வரிகளுக்காகத்தான். ஒரு எச்சரிக்கை: வெளியிடப்படாத விளைச்சல் கணக்கு திட்டத்துக்குச் சொந்தம். முதன்மை ஆய்வாளரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

ஹெட்லைனுக்கு 220 எழுத்து. போனில் தேடல் பட்டியலில் தொடக்கம் மட்டுமே தெரியும் என்பதால் தொழிலின் பெயர் முதலில் வரட்டும்: 'கடற்பாசி வளர்ப்புக் கள ஒருங்கிணைப்பாளர் | காப்பாஃபைகஸ், மிதவை முறை | நீர்த்தர அளவீடு | மண்டபம்'. இதை ஆங்கிலத்தில். அபவுட்டில் முதல் இரண்டு மூன்று வரிக்குப் பிறகு மடிந்துவிடும். 'கடலை நேசிப்பவள்' என்று தொடங்கினால் அந்த வரிகள் வீண். ஸ்கில்ஸில் 'டீம் வொர்க்', 'லீடர்ஷிப்' எல்லாம் எடுத்துவிட்டு, அளக்கத் தெரிந்த கருவிகளையும் வளர்ப்பு முறைகளையும் சேருங்கள்.

சான்றிதழ், பாஸ்போர்ட், லிங்க்ட்இன் மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் இனிஷியலும் அப்பா பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் படும் பாடு தனிக்கதை. பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டால் போதும்.

படம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உச்சி வெயிலில் கடற்கரையில் எடுத்தால் கண் இரண்டும் குழிதான். காலை ஏழு மணி, நிழல், கட்டத்தில் பாதிக்குமேல் முகம். மேலே உள்ள பட்டைக்கு 1584க்கு 396 பிக்சல். அதன் இடது கீழ் மூலையை உங்கள் முகப்படம் மூடிவிடும், ஆகவே மிதவை வலப்பக்கம் இருக்கிற படமாகப் பாருங்கள். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எதையும் கையில் பிடித்த படம் வேண்டவே வேண்டாம். மூன்றும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அனுமதியில்லாமல் மன்னார் வளைகுடாத் தீவில் இறங்கி எடுத்த படமும் வேண்டாம். கடல்துறைக்காரர் வேலை தருவதற்கு முன் அதைத்தான் கவனிப்பார்.

'ஓப்பன் டு வொர்க்' வசதியில் பச்சை வளையம் எல்லாருக்கும் தெரிவது ஒன்று, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிவது ஒன்று. இப்போது வேலையில் இல்லாததால் எதுவானாலும் பரவாயில்லை. ஆனால் விரும்பும் ஊர்களைக் குறிக்க மறக்காதீர்கள். ராமநாதபுரம் மட்டும் இருந்தால் குஜராத்தின் வெராவலில் தேடுபவர் கண்ணில் படமாட்டீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு அழைப்பு அனுப்புங்கள். இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புகள் மாதத்துக்குச் சிலதான். அவற்றைப் பாசி நிறுவனங்களில் களப்பணி பார்ப்பவர்களுக்கு வையுங்கள். 'வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்' என்று எழுதினால் பதில் வராது. 'மண்டபத்தில் மூன்று வருடம் காப்பாஃபைகஸ் மிதவைகள் பார்த்தேன். உங்கள் பக்கம் கோடையில் ஐஸ் ஐஸ் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்று மட்டும் எழுதுங்கள். வேலைப் பேச்சை அவர் பதில் போட்ட பிறகு எடுக்கலாம்.