நடந்ததைத்தானே சொல்கிறோம், அதிலும் பாவம் உண்டா?

பொய் சொன்னால்தான் பாவம், ஒருவர் செய்ததை அப்படியே இன்னொருவரிடம் சொல்வதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். நான் கத்தோலிக்கப் பெண், ராயபுரம்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் சீட்டு நடத்துகிறார். இருபது பேர், மாதம் இரண்டாயிரம். ஒரு மே மாதம் சீட்டு எடுத்தவருக்குப் பணம் வரவில்லை. அக்கா வீடு இரண்டு நாளாகப் பூட்டியிருந்தது, அதை நானே பார்த்தேன். அன்று சாயங்காலம் அன்பியக் கூட்டம் (பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிப்பது) முடிந்து செருப்பு மாட்டும்போது, "அக்கா பணத்தோட போயிட்டாங்க போல" என்று சொல்லிவிட்டேன். பூட்டு உண்மை. "போல" என்று நான் சேர்த்ததுதான் வினை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அதில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் காசு இருக்காது. சீட்டில் பாதிப் பேர் அந்த வீடுகள்தான். அவர்கள் கட்டாத பணத்தை ஈடுகட்டத்தான் அக்கா தன் தம்பியின் ஊருக்குப் போய், கம்மலை அடகு வைத்துப் பணத்தோடு திரும்பி வந்தார்.

"ஏம்மா, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை.

"பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே" என்பது எங்கள் எண்ணிக்கையில் எட்டாவது கட்டளை (சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் ஒன்பதாவது என்பார்கள்). 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், இந்தக் கட்டளையில் பிறர் நற்பெயருக்கு எதிரான பாவங்களை மூன்றாகப் பிரிக்கிறது. பொய்யைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது ஒன்று. உண்மையான குறையையே தகுந்த காரணமில்லாமல், அது தெரியாதவரிடம் போய்ச் சொல்வது இன்னொன்று. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். மூன்றாவது, ஆதாரமில்லாமல் ஒருவர் தப்பு செய்தார் என்று மனசுக்குள் நம்பிவிடுவது, வாயே திறக்காவிட்டாலும். அதற்காக, ஒரு பிள்ளையை யாரோ அடிக்கிறார்கள் என்றால் மூடி மறைக்கச் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். மத்தேயு 18-இல் இயேசுவும், சகோதரன் தப்பு செய்தால் முதலில் தனியாக அவனிடமே போய்ப் பேசச் சொல்கிறார், நான் செருப்பு மாட்டிக்கொண்டே மற்றவர்களிடம் பேசினேன்.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது கோயில் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, இதைச் சொன்னேன். சாமியார் ஜெபத்தோடு விடவில்லை, யார் யாரிடம் சொன்னாயோ அவர்களிடமே போய்த் திருத்திச் சொல் என்றார். கெடுத்த பெயரைச் சீர்செய்யும் கடமையும் அந்தக் கட்டளையில் சேர்ந்ததுதானாம். ஏழு வீடு ஏறினேன். ஒரு வீட்டில், "ஐயோ, நான் திருவொற்றியூர்ல என் நாத்தனார்கிட்ட சொல்லிட்டேனே" என்றார்கள். அந்த நாத்தனாருக்கும் போன் போட்டுப் பேசினேன், அவர் வேறு யாரிடம் சொன்னார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

இரண்டு பேர் சீட்டிலிருந்து விலகினார்கள். நான் இன்னும் கட்டுகிறேன். இப்போதெல்லாம் பணம் கொடுக்கப் போனால், நான் கேட்காமலேயே அக்கா நோட்டை விரித்து, யார் யார் கட்டினார்கள் என்று ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துக் காட்டுகிறார்.