தேவாரம் காலையில், கொலைக்கதை மத்தியானம்

கேள்வி: ரங்கூன் தாம்வேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். வயது 67. சின்ன வயதிலிருந்தே துப்பறியும் கதைப் பைத்தியம். கொலைகாரன் யாரென்று தெரிந்த கதையைக்கூட மூன்றாம் முறை எடுத்து வைத்துக்கொள்கிறேன். "தேவாரம் படிக்கிற வயசில் கொலைக்கதையா? பையனும் கெட்டுப்போவான்" என்று மகன் சலித்துக்கொள்கிறான். பேரனுக்கு 11 வயது. நிறுத்திவிடட்டுமா?
- ஒரு பாட்டி

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. தேவாரத்தைக் காலையில் பாடுங்கள், கொலைக்கதையை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரு சண்டையும் இல்லை. துப்பறியும் நாவல்கள் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் துப்பறிய அனுப்பியதே ஒரு சாமியாரைத்தானே! அந்தத் திகம்பர சாமியார் 1950இல் சினிமாவிலும் வந்துவிட்டார். முதலில் இதை மகன் காதில் போட்டு வையுங்கள்.

இந்தக் கதைகளில் கொலை வெறும் சாக்கு. ஆரம்பத்திலேயே ஒருவர் செத்துப்போவார். அவருக்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. நாம் காத்திருப்பது துப்பறிய வரும் அந்தக் கிறுக்கு மனிதருக்காக. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதையில் டூபின் என்று ஒருவர். பட்டப்பகலில் சன்னல்களைச் சாத்திவிட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொள்வார், இருட்டினால்தான் தெருவில் இறங்குவார். ஷெர்லாக் ஹோம்ஸ் புகையிலையைச் செருப்பு நுனிக்குள் திணித்து வைப்பார். பதில் போடாத கடிதங்களைக் கணப்புக்கு மேலே மரத்தில் கத்தியால் குத்தி வைப்பார். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் மருமகள் சும்மா விடுவாரா?

ஆனால் அந்தக் கிறுக்குத்தனத்தில் விஷயம் இருக்கிறது. இவர்கள் போலீஸ் இல்லை. கையில் வாரண்ட் கிடையாது, லத்தி கிடையாது. இருப்பது இரண்டு கண்ணும் நிறைய பொறுமையும்தான். ஊரும் இவர்களைப் பெரிதாக மதிப்பதில்லை, அதனால் இவர்கள் எதிரிலேயே வாயை விட்டுவிடுகிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளைப் பாருங்கள். 1930இல் முதன்முதலாக ஒரு நாவலில் வரும்போதே கிழவி. பின்னல் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். எவ்வளவு பெரிய கொலையைச் சொன்னாலும், தன் கிராமத்தில் எப்போதோ நடந்த ஒரு சின்னத் திருட்டோ சின்னப் பொய்யோ அவருக்கு ஞாபகம் வரும். முடிச்சு அங்கிருந்துதான் அவிழும். மூலையில் இருக்கிற பாட்டியை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? நீங்கள் இந்தப் புத்தகங்களை விடமாட்டேன் என்பது ஏனென்று எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது. (அந்த வித்தையை மகன், மருமகள் போனில் மட்டும் காட்டிவிடாதீர்கள். குடும்பம் தாங்காது.)

மூன்றாம் முறை படிப்பதிலும் தப்பில்லை. முதல் தடவை கொலைகாரனைத் துரத்துகிறோம். அப்புறம் படிக்கும்போதுதான், எழுதியவர் துப்பை நம் மூக்குக்கு நேரே வைத்துவிட்டு எப்படிப் பேச்சை மாற்றினார் என்பது தெரிகிறது. எனக்கு அதில்தான் ருசி.

சரி, பேரன். பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழிதான் படிப்பான். ஷ்வே உடவுங் என்ற பர்மிய எழுத்தாளர் ஹோம்ஸ் கதைகளைத் தழுவி மவுங் சான் ஷா என்ற பர்மியத் துப்பறிவாளரை உருவாக்கினார். பன்சோடான் தெருப் பக்கம் போனால் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அவன் அதைப் படிக்கட்டும். நீங்கள் தமிழில் வாயால் கதை சொல்லுங்கள். வாத்துக்குள்ளிருந்து நீலக்கல் கிடைக்கிற ஹோம்ஸ் கதையில் ஆரம்பியுங்கள். அதில் நடப்பது திருட்டு மட்டும்தான், மகன் வாயைத் திறக்க முடியாது. முழுக்கதையையும் ஒரே ராத்திரியில் சொல்லிவிடாதீர்கள். கல்லை எடுத்தவன் யாரென்பதற்கு முன்னால் நிறுத்தி, யாராக இருக்கும், ஏன் என்று கேளுங்கள். பதில் தமிழில் வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கதவோரம் நின்று கேட்ட மகன், "யாரும்மா எடுத்தது?" என்று கேட்டால், அவருக்கும் நாளைக்குத்தான்.