மறு: விடிய நீச்சல், வகுப்பில் தூக்கம், நிறுத்திவிடவா?

அக்கா, மகள் விடிய 4.30க்கு எழும்பி நீந்தப் போகிறாள், வகுப்பில் தூங்கி வழிகிறாள், மாதக்கணக்காக நீந்தி முடிக்கும் நேரமும் குறையவில்லை, சாதாரண தரப் பரீட்சை வேறு வருகிறது, நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள்? இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். பின்னேரமும் பயிற்சி, அப்புறம் வெள்ளவத்தையில் டியூஷன், படுக்கப் பதினொன்று என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் நேரம் குறையும்? பெரிய வீரர்களே முக்கியமான போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நீந்தும் தூரத்தைக் குறைத்துவிடுவார்கள். களைப்பு இறங்கினால்தான் வேகம் தெரியும்.

இடைவெளி விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயிற்றுநர்கள் வெருட்டுவார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் நீச்சலில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்த பிரித்தானிய வீரர் ஆடம் பீட்டி 2023இல் மனம் சோர்ந்து ஒதுங்கினார். 2024 பாரிஸில் 100 மீட்டரில் வெள்ளி எடுத்தார், தங்கம் தவறியது 0.02 செக்கனால்.

சாப்பாட்டையும் பாருங்கள். ஈரத்தலையோடு ஆட்டோவில் ஏறும்போதே இரண்டு அவித்த முட்டையும் வாழைப்பழமும் கையில் கொடுங்கள், கன்டீன் ரோல்ஸ் காணாது. முகம் வெளிறி, மாதவிடாயும் தள்ளிப்போனால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள்.

பரீட்சை முடியும்வரை வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியை விடலாமா என்று பயிற்றுநரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள், அவள் வாயே திறக்க மாட்டாள்.