நேரே இறக்கும்போது ஹெலி ஆடி விழுவது சேர்வோவால் அல்ல

உப்புவெளிக் கடற்கரையில் உங்கள் 450 அளவு ரிமோட் ஹெலியை நேரே கீழே இறக்கினால் ஆடுகிறது, கலெக்டிவை, அதாவது எல்லாப் பிளேட்டுகளின் சாய்கோணத்தையும் (பிட்ச்) ஒன்றாகக் கூட்டினால் இன்னும் வேகமாக விழுகிறது, சேர்வோவை (அந்தக் கோணத்தை அசைக்கும் சிறு மோட்டாரை) மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். மிதக்கும்போது ஆடாத ஹெலியில் பழுது அங்கே இருக்க வாய்ப்புக் குறைவு. ஹெலி தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்குகிறது. பிளேட் நுனிச் சுழல்கள் கீழே போகாமல் ரோட்டரைச் சுற்றி வளையமாகத் தங்கிவிடுகின்றன. பிட்ச்சைக் கூட்டக் கூட்ட அந்த வளையத்துக்குத்தான் பலம்.

எடை 800 கிராம், ரோட்டர் விட்டம் 70 சென்ரிமீற்றர் என்றால், மிதக்கும்போது ரோட்டர் வழியே இறங்கும் காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 3 மீற்றர். நேரே இறங்கும் வேகம் அதில் பாதியைத் தொட்டாலே தொல்லை தொடங்கும். இறங்கும் வேகத்தைச் செக்கனுக்கு 1 மீற்றருக்கு மேல் விடாதீர்கள். வேகமாக இறக்க வேண்டுமானால் முன்னே 5 மீற்றர் வேகம் கொடுத்துச் சாய்வாக இறக்குங்கள்.

கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது கடல் பக்கம் நகர்த்தி இறக்குவதுதான் மிக மோசம். காற்றும் 4 மீற்றர், ஹெலியும் அதே திசையில் 4 மீற்றர் என்றால், பார்வைக்கு ஓடினாலும் காற்றைப் பொறுத்து அது நிற்கிறது. மூக்கு எப்போதும் காற்றுக்கு எதிரே இருக்கட்டும்.

அந்தச் சுழல் வளையத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் சைக்கிளிக்கை (ஹெலியைச் சாய்க்கும் ஸ்டிக்கை) முன்னுக்கோ பக்கவாட்டிலோ தள்ளி வெளியே எடுங்கள், பிறகு பிட்ச். 10 மீற்றர் உயரத்துக்கு மேலேயே இதைப் பழகுங்கள்.

சாய்வாக இறங்கும்போது டப் டப் என்று கேட்டால், ஒரு பிளேட் முந்திய பிளேட்டின் நுனிச் சுழலில் அடிபடுகிறது. இறங்கும் கோணத்தைச் சற்று மாற்றினால் குறையும். மிதக்கும்போதும் அதே சத்தம் என்றால் பிளேட் போல்ட்டையும் அதிர்வைத் தணிக்கும் டாம்பரையும் பாருங்கள்.