கணவர் என் வாட்ஸ்அப்பைப் படித்துவருகிறார்: அந்த உரையாடல்கள் விவாகரத்து வழக்கில் செல்லுமா?

கேள்வி: நான் திருச்சி மாவட்டத்தில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பிறந்தநாளுக்குக் கணவர் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தார். சிம் கார்டு அவர் பெயரில் உள்ளது, கூகுள் கணக்கையும் அவரே தொடங்கித் தந்தார். சென்ற மாதம் ஏற்பட்ட சண்டையில், என் அக்காவுக்கு மட்டும் நான் அனுப்பியிருந்த வரிகளை அப்படியே சொல்லிக் காட்டினார். சந்தேகப்பட்டு வாட்ஸ்அப்பில் பார்த்தபோது, எனக்குத் தெரியாத ஒரு கணினி என் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. இப்போது அவர் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ‘வாட்ஸ்அப் ஆதாரங்களுடன்’ குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து கோரப்போவதாக அதில் உள்ளது. அவர் செய்தது குற்றமில்லையா? அந்த உரையாடல்களை நீதிமன்றம் ஏற்குமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு போன் வாங்கிவிடலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துள்ளன. அவர் அந்த உரையாடல்களைப் பெற்ற விதம் சட்டப்படி தவறா என்பது ஒன்று. தவறான வழியில் பெற்றிருந்தாலும் நீதிமன்றம் அவற்றைப் பார்க்குமா என்பது மற்றொன்று. ‘நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அவர் செய்தது சரி என்றாகிவிடும்’ என்று அஞ்சிப் புகாரைக் கைவிடும் பெண்களையும், ‘அவர் செய்தது குற்றம், ஆகவே நீதிமன்றம் அதைத் தொடாது’ என்று நம்பி வழக்கில் அசட்டையாக இருந்துவிடும் பெண்களையும் நான் பார்த்துவருகிறேன். இரண்டு முடிவுகளுமே தவறு.

சட்டத்துக்குப் போகும் முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த அந்தக் கணினி இணைப்பை இன்னும் நீக்காமல் இருந்தால், உடனே நீக்கிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்தால், எந்த உலாவி, எந்த வகைக் கணினி, கடைசியாக எப்போது செயல்பட்டது என்ற விவரங்கள் தெரியும். இணைப்பைத் துண்டித்ததும் அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்துவிடும், உங்களிடம் இருந்த முதல் ஆதாரமும் அதோடு போய்விடும். ஆகவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பின்பு அக்காவின் போனையோ நம்பிக்கையான ஒரு தோழியின் போனையோ வைத்து, உங்கள் போனின் திரை முழுவதும், தேதியும் நேரமும் தெரியும்படி, ஒரு சிறிய வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். படம் எடுத்தவர் நாளை சாட்சி சொல்ல வேண்டி வரலாம் என்பதால் அதற்குத் தயாராக உள்ளவரையே தேர்ந்தெடுங்கள். கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் உள்நுழைந்துள்ளன, கூகுள் மேப்ஸில் உங்கள் இருப்பிடம் யாருடன் பகிரப்படுகிறது என்பவற்றையும் அதேபோல் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை மாற்றுவதை இந்த போனில் செய்யாமல் வேறொரு சாதனத்தில் செய்வது நல்லது, ஏனெனில் இந்த போனில் கண்காணிப்புச் செயலி ஏதேனும் நிறுவப்பட்டிருந்தால் புதிய கடவுச்சொல்லும் அவர் கைக்குப் போய்விடும். இணைப்பு துண்டிக்கப்பட்டதை அவர் உடனே அறிந்துகொள்வார் என்பதையும் மறக்க வேண்டாம். அடிதடிக்கு அஞ்ச வேண்டிய சூழல் இருந்தால், பாதுகாப்பான இடத்துக்குச் சென்ற பிறகே இதைச் செய்யுங்கள்.

இனி, அவர் செய்தது குற்றமா என்பதைப் பார்ப்போம். ‘போன் நான் வாங்கியது, சிம் என் பெயரில் இருக்கிறது, ரகசிய எண்ணை அவளே சொன்னாள்’ என்று அவர் தரப்பு வாதிடும் என்பது ஏறக்குறைய உறுதி. இந்த மூன்றும் ஒரே எடை கொண்ட வாதங்கள் அல்ல. பிறந்தநாள் பரிசாகக் கையில் கொடுக்கப்பட்ட அசையும் பொருள், கொடுக்கப்பட்ட அந்த நிமிடமே உங்களுடையதாகிவிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, ஒரு கணினியின் உரிமையாளரோ அதைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ அனுமதிக்காத நிலையில் அதற்குள் நுழைவதையும், அதிலுள்ள தரவை நகலெடுப்பதையும் தடுக்கிறது. கைப்பேசியும் இச்சட்டத்தின் பொருளில் கணினியே. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால், 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘நேர்மையற்ற எண்ணம்’ என்ற அந்தத் தகுதியை வைத்துத்தான் அவருடைய வழக்கறிஞர் கடுமையாக வாதாடுவார். ஆகவே இந்தப் பிரிவை மட்டும் நம்பிப் புகார் எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

ரகசிய எண்ணைச் சொன்னீர்கள் என்பது சற்றுக் கனமான வாதம்தான். வாட்ஸ்அப்பை ஒரு கணினியோடு இணைக்க, உங்கள் போனின் பூட்டைத் திறந்து, கணினித் திரையில் தெரியும் குறியீட்டை உங்கள் போனின் கேமராவால் படம் பிடிக்கவோ, போனில் உள்ளிடவோ வேண்டும். அதாவது, போன் ஒருமுறை அவர் கையில் பூட்டுத் திறந்த நிலையில் இருந்திருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு ஒரு அழைப்பை எடுக்கவோ, குழந்தையின் பள்ளிச் செய்தியைப் பார்க்கவோ எண்ணைச் சொல்லியிருப்பது, மாதக்கணக்கில் இன்னோர் அறையிலிருந்து உங்கள் உரையாடல்களைப் படித்துக்கொண்டிருக்கத் தந்த சம்மதம் ஆகாது. எண்ணை எப்போது, எதற்காகச் சொன்னீர்கள் என்பதை நினைவுபடுத்தி இப்போதே எழுதி வையுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் அது ஒன்றாக இருக்கும்.

சிம் விஷயம் வேறு. சிம் கார்டு அவர் பெயரில் உள்ளவரை, சந்தாதாரர் என்ற முறையில் அழைப்பு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் அவர் கேட்டுப் பெற வாய்ப்பு உண்டு. உங்கள் ஆதாரைக் கொடுத்து உங்கள் பெயரிலேயே ஒரு சிம் வாங்குங்கள். வங்கி, பள்ளி, ஆதார் ஆகியவற்றில் பதிந்துள்ள எண்ணையும் அதற்கு மாற்றுங்கள். திருமணமான பெண்களில் எத்தனையோ பேர் இதை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை, கருத வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வழக்குக்கு நேரடியாகப் பொருந்துவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. பின்தொடர்தல் குற்றம் என்றால் தெருவில் பின்னால் வருவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பெண் இணையத்தையோ, மின்னஞ்சலையோ, பிற மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதை ஓர் ஆண் கண்காணிப்பதும் இப்பிரிவின்படி அதே குற்றம். முதல் முறை தண்டிக்கப்படுபவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு, அந்நிலையில் இது பிணையில் விடத்தக்க குற்றம். கணவன் என்பதற்காகச் சட்டம் இதில் விலக்கு எதுவும் தரவில்லை. எனினும், குறிப்பிட்ட சூழ்நிலையில் அச்செயல் நியாயமானது என்று காட்டினால் தப்பிக்கலாம் என்ற விதிவிலக்கு உள்ளது. ‘மனைவியின் நடத்தையில் சந்தேகம் வந்தது, அதனால் பார்த்தேன்’ என்பதை நியாயமான காரணமாக ஏற்கலாகாது என்றே நான் வாதிடுவேன்.

‘புதிதாக வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டாமே’ என்று பலரும் கேட்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. தனிநபர் ஒருவர் சொந்த அல்லது குடும்பப் பயன்பாட்டுக்காகத் தரவைக் கையாள்வதற்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவே சொல்கிறது. அது நிறுவனங்களைக் கட்டுப்படுத்த எழுதப்பட்ட சட்டம். வீட்டுக்குள் நடக்கும் வேவுக்கு நாம் பழைய சட்டங்களையே நாட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தரும் குறை.

இப்போது நீதிமன்றம் ஏற்குமா என்ற கேள்வி. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதை அடிப்படையாகக் கொண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபர் 30 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில் கணவர் தாக்கல் செய்திருந்த மனைவியின் கைப்பேசி அழைப்பு விவரங்களைப் பற்றியது அது. கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, ஒருவர் மற்றவரை வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்க முடியாது, அந்தரங்கத்தை மீறிப் பெற்ற ஆதாரம் ஏற்கத்தக்கதல்ல என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கூறினார். இந்தத் தீர்ப்போடு சட்டம் நின்றிருந்தால் உங்களுக்கு நான் இரண்டே வரிகளில் பதில் எழுதியிருப்பேன்.

ஆனால் 2025 ஜூலை 14 அன்று விபோர் கர்க் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. மனைவியுடன் நடந்த தொலைபேசி உரையாடல்களை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்த கணவர், அவற்றைக் குடும்ப நல நீதிமன்றத்தில் ஆதாரமாகத் தாக்கல் செய்யலாம் என்று நீதிபதிகள் நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு தீர்ப்பளித்தது. தம்பதியர் பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, அவர்களுக்குள்ளேயே நடக்கும் வழக்குக்குப் பொருந்தாது என்பது அதன் அடிப்படை. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு இல்வாழ்க்கை வந்துவிட்டதென்றால், அதுவே உறவு முறிந்துவிட்டதன் அறிகுறி என்றும் நீதிமன்றம் சொன்னது. இதன் பிறகு மதுரைத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘ஏற்கவே கூடாது’ என்று வாதிடுவது கடினம்.

கடினம் என்றேன், முடியாது என்று சொல்லவில்லை. உச்ச நீதிமன்ற வழக்கில் கணவர் தானே பங்கேற்ற உரையாடலைத்தான் பதிவு செய்தார். உங்கள் வழக்கில் அவர் எடுத்திருப்பது நீங்களும் உங்கள் அக்காவும் பேசிக்கொண்டதை. அந்தப் பேச்சில் அவருக்கு இடமே இல்லை, வழக்கில் தரப்பினராக இல்லாத உங்கள் அக்காவின் அந்தரங்கமும் அதில் அடங்கியிருக்கிறது. இந்த வேறுபாட்டை எதிருரையிலேயே, அதாவது அவருடைய மனுவுக்கு நீங்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பதிலிலேயே, தெளிவாக எழுதி, ஆவணங்களைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும்போது உங்கள் வழக்கறிஞர் அங்கேயே ஆட்சேபணையைப் பதிவு செய்ய வேண்டும். அன்று விட்டுவிட்டால் மேல்முறையீட்டில் அதைக் கிளப்புவது எளிதல்ல. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ், அதாவது சாதனத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திடும் சான்றிதழ், முறையாக இணைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984-இன் 14-ஆம் பிரிவு சாட்சிய விதிகளைத் தளர்த்துகிறது என்று அவர்கள் பதில் சொல்வார்கள். அந்தத் தளர்வு, உரையாடல் உண்மையானதா, வெட்டி ஒட்டப்பட்டதா என்ற கேள்வியை இல்லாமல் செய்துவிடாது. நடுவில் நாலு வரிகளை எடுத்துவிட்டு மீதியைக் காட்டினால் பொருளே மாறிவிடும் என்பதால், முழு உரையாடலையும் தாக்கல் செய்யும்படி கோருங்கள்.

அதோடு, குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தரப்பினரில் ஒருவர் கேட்டாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும். முதல் வாய்தாவிலேயே அதற்கு மனுச் செய்யுங்கள். அக்காவிடம் மனம் விட்டு எழுதிய வரிகளை அந்நியர்கள் நிறைந்த அறையில் யாரும் படிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால், பாதகமானதை மறைத்தீர்கள் என்ற ஊகத்துக்கு இடம் தரும். நீதிமன்றத்துக்கு வரக்கூடிய மின்னணு ஆவணத்தை வேண்டுமென்றே அழிப்பது தனிக் குற்றமாகவும் ஆகலாம். பழைய போனைப் பத்திரமாக வைத்துவிட்டுப் புதிய போனைப் பயன்படுத்துங்கள். பழையதை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பதிலுக்கு அவருடைய போனைத் திறந்து பார்க்கும் எண்ணமும் வேண்டாம். நீங்கள் அதைச் செய்த நாளில் உங்கள் புகாரின் வலு பாதியாகிவிடும். ‘ஆமாம், நான்தான் பார்த்தேன்’ என்று அவர் உங்களுக்கே அனுப்பிய செய்தி ஏதேனும் இருந்தால் அது போதும், விபோர் கர்க் தீர்ப்பு உங்களுக்கும்தான் பயன்படும்.

எங்கே தொடங்குவது? குழந்தைகள் இருக்கும் குடும்பத்தில் முதல் அடியாகக் காவல் நிலையத்துக்குச் செல்லும்படி நான் பொதுவாகச் சொல்வதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, மனரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாகக் கருதுகிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்து, உங்கள் கணக்குகளிலும் சாதனங்களிலும் அவர் தலையிடக் கூடாது, எடுத்தவற்றை உறவினர்களுக்குப் பரப்பக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்கலாம். அந்த உத்தரவை மீறினால் அது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனுவைத் தயாரிக்க உதவுவார். உங்கள் கணவர் அந்த உரையாடல்களை உறவினர் குழுக்களில் பகிரத் தொடங்கினாலோ மிரட்டினாலோ காத்திருக்க வேண்டாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் 78-ஆம் பிரிவையும் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளையும் குறிப்பிட்டுப் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதன் பின் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம்.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பக் குறிப்பிட்டுள்ள நாளைத் தவறவிடாதீர்கள். பதிலில் எந்தச் செய்தியையும் ஒப்புக்கொள்ளவோ விளக்கவோ வேண்டாம். உங்கள் அனுமதியின்றிக் கணக்கு இணைக்கப்பட்டது, அதற்கு ஆட்சேபணை தெரிவிக்கிறீர்கள், எடுத்த நகல்கள் எவருக்கும் தரப்படக் கூடாது என்ற மூன்றையும் மட்டும் எழுதினால் போதும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வகைசெய்கிறது. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு நோட்டீஸையும், வீடியோ உள்ள அந்த போனையும் எடுத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். அழைப்பு விவரங்கள் அவர் கைக்குப் போகாதபடி, அந்த அழைப்பை உங்கள் பெயரில் வாங்கிய புதிய எண்ணிலிருந்தே செய்யுங்கள்.