கெட்ட செய்தி பரவும்போது முதலில் யாரிடம் பேச வேண்டும்?

ஒரு நிறுவனத்தின் மீதோ பிரமுகர் மீதோ புகார் எழுந்து ஊரெல்லாம் பரவும்போது முதலில் யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தியாளர்களிடம் என்றுதான் பலரும் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் ஓர் இனிப்புக் கடையில் கணக்கு எழுதிய எனக்கு, கல்லாவில் இருப்பவரிடம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒரு தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, வெள்ளையாகப் பூசணம் படர்ந்த அரைக்கிலோ அல்வா டப்பாவின் படம், எங்கள் கடைப் பெயர் தெளிவாகத் தெரியும்படி, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. முதலாளி உடனே, "இது போட்டிக்காரன் வேலை" என்று ஸ்டேட்டஸ் போடச் சொன்னார். எழுதிப் போட்டவன் நான்தான். பகல் மூன்று மணிக்குச் சரக்கு மாஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான், ஆர்டர் நெருக்கடியில் அல்வாவை ஆறவிடாமல் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடியதும், மூடியில் வேர்த்த நீர் இறங்கிப் பூசணத்துக்கு இடம் கொடுத்ததும் தெரியவந்தது. அதற்குள் எங்கள் மறுப்பும் அந்தப் படத்தோடு சேர்ந்து ஊர் சுற்றி வந்துவிட்டது.

இதற்கிடையே, வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்த பையனிடம், "ஏல, அது ஒங்க கடை டப்பாதானடே?" என்று கேட்டார். அவனிடம் நாங்கள் எதையுமே சொல்லி வைத்திருக்கவில்லை. "தெரியலையே தாத்தா, அண்ணாச்சியத்தான் கேக்கணும்" என்றான். பெரியவர் கையிலிருந்த பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அன்று மாலை ஸ்டேட்டஸை நீக்கி, நீக்கியதையும் சொல்லி, கடை வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினோம். டப்பா எங்களுடையதுதான், சூட்டோடு அடைத்தது எங்கள் தவறு, அந்த வாரம் வாங்கியவர்கள் பில் இல்லாவிட்டாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம், அடுத்த விவரத்தை நாளைக் காலை பத்து மணிக்குச் சொல்கிறோம். ஒட்டுவதற்கு முன்பே பொட்டலம் கட்டுபவர் வரை எல்லோருக்கும் இதைப் படித்துக் காட்டினோம். பணம் கேட்டு வந்தவர்கள் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் அந்தத் தீபாவளி வியாபாரம் போனது போனதுதான்.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில்தான் இடறுகின்றன. 2015 ஜூனில், ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி மேகி நூடுல்ஸுக்குத் தடை வந்தபோது, தன் பொருளில் குறையில்லை என்பதே நெஸ்லேயின் வாதமாக இருந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நவம்பரில்தான் சரக்கு கடைகளுக்குத் திரும்பியது. வழக்கில் வென்ற நிறுவனத்தின் நிலையே இது. "என் பிள்ளைக்குக் கொடுத்தேனே, ஒன்றும் ஆகாதா?" என்று கேட்ட தாய்க்கு ஆய்வகக் கணக்கு பதிலாகாது என்பது என் எண்ணம். இதற்கு நேர்மாறாக, 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, கலந்தது தான் இல்லை என்றாலும், ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடு அதே மாத்திரையை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பிரமுகர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: தன் துயரத்தைப் பேசக் கூடாது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பதினொரு தொழிலாளர்கள் மாண்டிருக்க, பி.பி. நிறுவனத் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட், தன் பழைய வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்று பேசினார். அந்த ஆண்டிலேயே பதவி போயிற்று.

எல்லாம் தெரிந்த பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குறித்த நேரத்துக்கு வந்தால் போதும். மறுநாள் பத்து மணிக்கு எங்களிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்த மாதிரியின் முடிவு இன்னும் வரவில்லை என்பதையே எழுதி, பழைய தாளுக்குக் கீழே ஒட்டினோம்.