பழைய பாடகர்கள் மாதிரி இப்ப உள்ளவங்களால பாட முடியாதா?

முடியாதுன்னு சொல்லமாட்டேன், ஆனா டிஎம்எஸ், சுசீலா அம்மா காலத்துல ரெக்கார்டிங்கே வேற மாதிரி லா. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பாடகரும் ஒண்ணா உட்கார்ந்து ஒரே மூச்சுல முடிக்கணும், கடைசி சரணத்துல வயலின்காரர் ஒருத்தர் சொதப்பினாக்கூட திரும்ப பல்லவியிலேருந்து ஆரம்பிக்கணும், அதனால ரிகர்சல்லயே பாட்டு ரத்தத்துல ஊறிடும். இப்ப வரி வரியா பாடி ஒட்டிக்கலாம், சுருதி நழுவினா இருக்கவே இருக்கு 1997-ல வந்த ஆட்டோட்யூன், சுருதியைச் சரிபண்ற சாஃப்ட்வேர்.

டிஎம்எஸ் சிவாஜிக்குப் பாடினா அடிவயித்துலேருந்து கனமா வரும், எம்ஜிஆருக்குன்னா குரலைக் கொஞ்சம் மேல தூக்கி துள்ளலா பாடுவாரு. சிங்கப்பூர் தமிழ் ரேடியோ ஒலி 96.8-ல பாட்டு பாதியில ஓடிட்டிருந்தாலும் திரையில யாருன்னு எங்கப்பா டக்குனு சொல்லிடுவாரு. இன்னிக்கு எந்த ஹீரோவுக்குப் பாடினாலும் பாடகர் அவராத்தான் தெரியுறாரு, அதுல தப்பில்ல, இசையமைப்பாளரே அதைத்தான் கேக்குறாங்க.

இப்ப உள்ளவங்களுக்கு சங்கீதம் தெரியாதுங்கறது சும்மா பேச்சு. சித் ஸ்ரீராம் சின்ன வயசுலேருந்தே கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவரு. எனக்குக் குறையா படுறது கான்செர்ட் சவுண்டுதான், 12,000 பேர் உட்கார்ற இன்டோர் ஸ்டேடியத்துல ஸ்பீக்கரோட பேஸ் சத்தம் நெஞ்சுல இடிக்கும்போது எந்த கமகம், அதான் குரலோட நெளிவு, காதுல விழும்? அதே ஆளை சுமார் 1,600 சீட் உள்ள எஸ்பிளனேட் கான்செர்ட் ஹால்ல கேளுங்க, மூச்சு எங்க எடுக்குறாருன்னு வரைக்கும் தெரியும்.